சீஷெல்ஸில் ஒரு வாரம்: எந்தக் கேட்டமரான்?

ஒடுங்கிய இரண்டு படகு உடல்கள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பாலத்தளம், அதன் மேல் கூடம், சமையலறை, கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் பாய்மரம். விடுமுறைக்கு வாடகைக்குக் கிடைக்கும் கேட்டமரான் இதுதான். நீளம் பெரும்பாலும் 40 அடியிலிருந்து 50 அடிக்குள். படகு உடல் ஒவ்வொன்றிலும் இரண்டு படுக்கையறைகள், ஒவ்வோர் அறைக்கும் தனிக் கழிவறை. எட்டுப் பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் கரையில் அறை எடுக்காமல் தீவு தீவாகச் சுற்றலாம். உலகின் வாடகைத் துறைமுகங்களில் அதிகம் தென்படும் பெயர்கள் நான்கு: பிரான்ஸின் லகூன், ஃபோன்டேன் பாஜோ, பாலி, தென்னாப்பிரிக்காவின் லெப்பர்ட். வாடகை நிறுவனங்களின் பட்டியலைத் திறந்தால் நான்கும் ஒரே மாதிரி வெள்ளையாக, ஒரே மாதிரி புன்னகைக்கும் விருந்தினர்களோடு நிற்கும். வேறுபாடு படத்தில் தெரியாது.

தமிழ்நாட்டுக் கரையில் இந்த வாடகைத் தொழில் இன்னும் வேரூன்றவில்லை.   தடையாக இருப்பது கரையின் அமைப்பு. சோழமண்டலக் கரை நீண்ட, திறந்த மணற்கரை. இரவு நங்கூரமிட்டு நிம்மதியாகத் தூங்க மறைவான விரிகுடா இல்லை. அலை கரையிலேயே உடைகிறது. அந்த அலையைத் தாண்டுவதற்காகவே பிறந்தது கட்டுமரம். மிதப்புத் தன்மையுள்ள மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தால் படகு. கரை வந்ததும் அவிழ்த்து மணலில் காயப்போட்டால் வெறும் மரம். தண்ணீர் மேலே ஏறினாலும் இடுக்கு வழியே இறங்கிவிடும், எனவே மூழ்காது. இன்றைய இரட்டை உடல் படகு பெயரை இங்கிருந்து வாங்கிக்கொண்டது. வடிவம் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகளிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நத்தானியல் ஹெர்ஷாஃப் 1876-இல் இரட்டை உடல் படகு ஒன்றைப் பந்தயத்தில் ஓட்டி வென்ற பிறகுதான் மேற்கத்தியப் படகுக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தமிழகத்திலிருந்து இந்த விடுமுறைக்குக் கிளம்புவோர் முன் உள்ள கடல்கள் தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி, சீஷெல்ஸ். இவற்றில் சீஷெல்ஸ் தமிழருக்குப் புதிய இடம் அல்ல. 1770 ஆகஸ்டில் செயின்ட் ஆன் தீவில் இறங்கிய முதல் குடியேறிகள் இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் தென்னிந்தியர். தலைநகர் விக்டோரியாவில் 1992-இல் எழுந்த நவசக்தி விநாயகர் கோயிலில் இன்றும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். மாஹே தீவின் ஈடன் ஐலண்ட் படகுத்துறையிலிருந்து கிளம்பும் வாடகைப் படகுகள் பலவும் முதலில் நங்கூரம் போடுவது அதே செயின்ட் ஆன் தீவின் கடல் பூங்காவில்தான்.

காற்று முதலில், பிராண்டு பிறகு

எந்தப் படகு நல்லது என்ற கேள்விக்கு எந்தக் கடலில் என்ற பதில் கேள்வியே சரியான தொடக்கம். சீஷெல்ஸில் மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று. ஜூலை, ஆகஸ்டில் 15 முதல் 25 நாட் வேகத்தில் விடாமல் வீசும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று, இடையிடையே கனமழை. ஏப்ரலிலும் அக்டோபர் இறுதி, நவம்பரிலும் காற்று அடங்கி, கடல் கண்ணாடியாகிவிடும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் முக்கியத் தீவுகள் புயல் பாதைக்கு வெளியே இருக்கின்றன.

இனி வரைபடம். மாஹேயிலிருந்து பிராலின் தீவு வடகிழக்கில், சுமார் 25 கடல் மைல். ஒரு வாரப் பயணத்தில் திறந்த கடலில் நீண்ட ஓட்டம் என்று இருப்பது இது மட்டும்தான். பிராலினைச் சுற்றி க்யூரியஸ், லா டீக், ஃபெலிசிடே, கோக்கோ தீவுகள் எல்லாம் ஓரிரு மணி நேரத் தொலைவு. வடகிழக்காகப் போகும் படகுக்குத் தென்கிழக்குக் காற்று பக்கவாட்டில் வரும். வடமேற்குக் காற்றும் பக்கவாட்டில்தான் வரும். திரும்பி வரும்போதும் அப்படியே. பாய்க்கப்பலுக்கு இதைவிட வசதியான கோணம் இல்லை.

இந்த ஒரு விஷயம் பிராண்டு பற்றிய பாதி விவாதத்தை அடக்கிவிடுகிறது. அகலமான, உயரமான வாடகைக் கேட்டமரான்களின் பெரிய பலவீனம் எதிர்காற்றில் ஏற முடியாமை. காற்றை நோக்கிக் கோணல்மாணலாக ஏறும்போது கூடத்தின் உயரமே காற்றுத் தடையாகிப் படகைப் பின்னுக்குத் தள்ளும். கிரேக்கத் தீவுகளில் கோடைக்கால மெல்டெமிக் காற்றுக்கு எதிரே போக வேண்டியவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பிராலின் போகிறவர் கவலைப்பட வேண்டியது வேறு: பக்கத்தில் வந்து மோதும் கடலலை, பாலத்தளத்தின் அடியில் விழும் அலையடி, வெயில், இரவுப் புழுக்கம்.

பாலத்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை வாடகைப் பட்டியல்கள் எழுதுவதில்லை. ஆனால் பயணத்தின் சுகத்தை அதுவே தீர்மானிக்கிறது. இடைவெளி குறைவாக இருந்தால் இரண்டு உடல்களுக்கு நடுவே எழும் அலை அடித்தளத்தில் ஓங்கி அறையும். சாப்பாட்டு மேசையில் டம்ளர் துள்ளும். படகில் சுமை கூடக்கூட இடைவெளி இன்னும் சுருங்கும். எட்டுப் பேர், அவர்களின் பெட்டிகள், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி, டீசல், ஒரு வார மளிகை என்று சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். 40 அடிப் படகில் எட்டுப் பேரை அடைப்பதைவிட 45 அடிப் படகை எடுப்பது, எந்த பிராண்டாக இருந்தாலும், நல்ல முடிவு.

நான்கு பெயர்கள், நான்கு விதமான விட்டுக்கொடுப்பு

லகூன் 1984-இல் தொடங்கியது. இன்று பெனட்டோ குழுமத்தின் கையில் இருக்கிறது. கூடத்தைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் கண்ணாடிகளே இதன் அடையாளம். சாய்ந்த கண்ணாடியைவிடச் செங்குத்துக் கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் வெயில் குறைவு; மேலே சிறு விளிம்பு இருந்தால் நண்பகலில் நிழலும் கிடைக்கும். வெப்பமண்டலக் கடலில் இது சின்ன வசதி அல்ல. லகூன் 42 நீளத்தில் 12.8 மீட்டர், அகலத்தில் 7.7 மீட்டர், எடையில் சுமார் 12 டன். புதிய மாதிரிகளில் பாய்மரத்தைப் பின்னுக்குத் தள்ளி, முன் பாயைத் தானே பக்கம் மாறும்படி அமைத்திருப்பதால் குறைந்த ஆட்களே போதும். விலகி நிற்க வேண்டியது பழைய பெரிய லகூன்களில் ஓட்டுநர் இருக்கை கூரை மேல் இருக்கும் வகையிலிருந்து. அங்கிருந்து காட்சி அபாரம். ஆனால் ஓட்டுநர் குடும்பத்திடமிருந்து பிரிந்து வெயிலில் தனியே உட்கார வேண்டும், பாயைச் சுருட்டி மடிக்க இன்னும் உயரே ஏற வேண்டும். எங்கும் நிறைந்திருப்பதே லகூனின் பெரிய பலம். எந்தத் துறையிலும் உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த கை கிடைக்கும்.

ஃபோன்டேன் பாஜோ 1976-இல் லா ரொஷெல் நகருக்கு அருகே பிறந்தது. ஜான்-ஃபிரான்சுவா ஃபோன்டேன், ஈவ் பாஜோ என்ற பாய்ப்படகு வீரர்கள் ஆரம்பித்த நிறுவனம் இது. 1983-இல் வந்த லூயிசியான் 37 இவர்களின் முதல் பயணக் கேட்டமரான். ஓட்டுநர் இருக்கை கூடத்தின் வலப்பக்கச் சுவரை ஒட்டி அரைமாடி உயரத்தில் இருக்கும். கீழே உட்கார்ந்திருப்பவர்களோடு பேசிக்கொண்டே ஓட்டலாம். நான்கு முனைகளையும் ஓரளவு பார்க்கலாம். உடல்கள் லகூனைவிடக் கொஞ்சம் மெலிந்தவை. இளங்காற்றிலும் நகரும் படகு வேண்டும், ஆனால் குடும்ப வசதியும் குறையக் கூடாது என்பவருக்கு ஆஸ்ட்ரியா 42, எல்பா 45 ஆகிய மாதிரிகள் நடுவழி.

லெப்பர்ட் கேப் டவுனின் ராபர்ட்சன் அண்ட் கெய்ன் கட்டுவது. 1991-இல் தொடங்கிய பட்டறை. வாடகைத் தொழிலில் பெரிய பெயரான மூரிங்ஸ், அதன் சகோதர நிறுவனம் சன்செயில் இரண்டுக்காகவே வளர்ந்த பிராண்டு இது. மூரிங்ஸ் பட்டியலில் அதன் சொந்த எண்ணோடு நிற்கும் பாய்க் கேட்டமரான்கள் பெரும்பாலும் லெப்பர்டுகளே. கேப் டவுனில் இறக்கப்படும் படகுகளில் பல, கப்பலில் ஏற்றப்படாமல், பாய் விரித்துத் தாமே கடலைக் கடந்து வாடகைத் துறைக்குப் போய்ச் சேர்கின்றன. பிறந்ததும் பெருங்கடலைத் தாண்டிய படகில் தளர்ந்த ஆணி எது, ஒழுகும் சன்னல் எது என்பது முதல் வாடிக்கையாளர் ஏறுமுன்பே தெரிந்துவிடும். லெப்பர்ட் 42 நீளத்தில் 12.67 மீட்டர், அகலத்தில் 7.04 மீட்டர், லகூன் 42-ஐவிட ஒடுக்கம். கூடத்தின் முன்சுவரில் ஒரு கதவு, அதைத் திறந்தால் முன்பக்கத்தில் தனி அமர்விடம். நங்கூரமிட்ட படகின் முகம் பெரும்பாலும் காற்றை நோக்கியே நிற்கும். எனவே முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டால் கூடம் முழுக்கக் காற்று ஓடும். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசி போடும் தேவை பாதியாகக் குறையும். ஏப்ரல் புழுக்கத்தில் இந்தக் கதவின் அருமை தெரியும்.

பாலி இளையது, கட்டானா குழுமம் 2014-இல் அறிமுகப்படுத்தியது. மற்ற மூன்றிலும் முன்பக்கம் இரு உடல்களுக்கிடையே கட்டியிருக்கும் வலையை இது தூக்கிவிட்டு, அங்கே கெட்டியான தளம் போட்டு மெத்தை விரித்தது. கூடத்தின் பின்சுவர் கராஜ் கதவு போல மேலே மடங்கும். மடக்கினால் உள்ளும் வெளியும் ஒரே கூடம். வீட்டில் இருப்பது போல முழு உயர ஃப்ரிட்ஜ். தாத்தா பாட்டி, கைக்குழந்தை என்று வரும் குடும்பத்துக்கு நங்கூரத்தில் நிற்கும் பாலியைப் போல வசதியான படகு கிடைப்பது அரிது. அந்த வசதிக்கான விலையை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். வலை இருந்தால் முன்னே ஏறும் அலை கண்களின் வழியே வழிந்துவிடும். கெட்டித் தளத்தில் ஏறும் தண்ணீர் வடிகாலைத் தேடி ஓட வேண்டும், முன்பக்க எடையும் கூடுதல். ஜூலைக் காற்றில் பாய் ஓட்டத்தின் சுகம் தேடுபவருக்கு இது முதல் தேர்வு அல்ல. வலையில் குப்புறப் படுத்து, அடியில் ஓடும் கடலைப் பார்ப்பதும் குழந்தைகளுக்குக் கிடைக்காது.

இந்த நான்குக்கு வெளியே, நௌட்டிடெக், எக்ஸெஸ் ஆகிய பிராண்டுகள் பாய் ஓட்டத்தை விரும்புவோருக்கானவை. சுக்கான் சக்கரங்கள் இரு உடல்களின் பின்முனையில் இருப்பதால் ஓட்டுநர் வெயிலையும் மழையையும் நேரே வாங்குவார். ஊட்ரமேர் போன்ற வேகப் படகுகள் வாடகைக்கு அபூர்வமாகவே வருகின்றன.

பெயரைவிட வயது

காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் பழகியவர்கள் கடைப் பலகையோடு நிற்பதில்லை. சேலையைப் புரட்டிக் கோர்வை சேர்ந்திருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். வாடகைப் படகுக்கும் அந்தப் புரட்டல் தேவை. காரணம், வாடகைத் துறையில் நிற்கும் படகுகளில் பல நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. தனி மனிதர் ஒருவர் வாங்கி, ஐந்தாறு ஆண்டுகள் நிறுவனத்திடம் ஒப்படைத்து வருமானம் பார்ப்பார். தவணை முடிந்ததும் படகு வெளியேறும். பெரும்பாலும் சிறிய, மலிவான நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய் அங்கே வாடகைக்கு ஓடத் தொடங்கும். அதே பிராண்டு, அதே மாதிரி, அதே படம். ஆனால் இரண்டு வயதுப் படகுக்கும் பன்னிரண்டு வயதுப் படகுக்கும் இடையே நீர் இறைக்கும் பம்ப், மின்கலம், கழிவறை மோட்டார், ஃப்ரிட்ஜ் என்று எல்லாமே வேறு. விடுமுறையைக் கெடுப்பவை இந்தச் சின்னச் சாமான்களே. நன்றாகப் பராமரிக்கப்பட்ட மூன்று வயது லகூன், கவனிப்பாரற்ற ஒன்பது வயது லெப்பர்டைவிட எந்நாளும் மேல்; பெயர்களை இடம் மாற்றிப் போட்டாலும் இதே கணக்குதான்.

பிராண்டைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கிவிடுகிறது. மூரிங்ஸ் அல்லது சன்செயில் என்றால் லெப்பர்ட். 2000-இல் சீஷெல்ஸிலேயே பிறந்து உலகெங்கும் பரவிய ட்ரீம் யாட் நிறுவனத்தில் லகூன், ஃபோன்டேன் பாஜோ, பாலி. முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை: படகு எந்த ஆண்டில் இறங்கியது, பாய்கள் எப்போது மாற்றப்பட்டன, ஜெனரேட்டரும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரமும் இருக்கின்றனவா, பிராலின் பக்கம் பழுது ஏற்பட்டால் மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார். ஒப்பந்தத்தில் “அல்லது அதற்கு ஈடான படகு” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஈட்டுக்கு ஆண்டும் அறைகளின் எண்ணிக்கையும் எழுத்தில் கட்டுப்பாடு வைக்காவிட்டால், பிராண்டு பார்த்துப் பணம் கட்டியதெல்லாம் துறைமுகத்தில் வீணாகலாம்.

ஓட்டுபவர், சமைப்பவர்

படகை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுவதற்குச் சான்றிதழும் அனுபவப் பட்டியலும் கேட்பார்கள். 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சிறு பாய்ப்படகு பழகியவர்கள் சென்னையில் உண்டு. ஆனால் சிறு படகுப் பழக்கம் 12 டன் கேட்டமரானுக்குப் போதாது. ஒற்றை உடல் படகு காற்று மிஞ்சினால் சாய்ந்து எச்சரிக்கும். சாய்வதால் பாயிலிருந்து காற்றும் நழுவும். கேட்டமரான் அப்படிச் சாய்வதில்லை. மேசை மேல் தேநீர் அசையாமல் இருக்கும்போதே பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளில் பளு ஏறிக்கொண்டே போகும். உடம்பு சொல்வதை நம்பாமல், காற்றுமானி காட்டும் எண்ணைப் பார்த்து, படகு செய்தவர் தந்த அட்டவணைப்படி பாயைக் குறுக்க வேண்டும். முதல் முறை போகும் குடும்பம் கேப்டனோடு எடுப்பதே முறை. அப்போது அவர் எங்கே தூங்குவார் என்பதை மறக்கக் கூடாது. எட்டுப் பேரும் நான்கு அறைகளை நிரப்பிவிட்டால் அவருக்கு மிஞ்சுவது படகின் முன்மூக்கில், மேலிருந்து குதித்து இறங்கும் ஒரு பொந்து. சில படகுகளில் அதில் மெத்தையும் விசிறியும் கழிவறையும் உண்டு. சிலவற்றில் பாய்மூட்டைதான் உண்டு. நாள் முழுக்கக் குடும்பத்தின் உயிரைக் கையில் வைத்திருப்பவருக்கு நல்ல தூக்கம் கிடைக்கும் படகாகப் பார்ப்பது வெறும் மரியாதை சார்ந்த விஷயம் அல்ல, பாதுகாப்பு சார்ந்தது.

சமையலறை நான்கு பிராண்டுகளிலும் பெரும்பாலும் மேலே, கூடத்திலேயே இருக்கிறது. தமிழ்ச் சமையலுக்கு இது நல்லது. தாளிப்புப் புகை படுக்கையறைக்கு இறங்காது, சமைப்பவரும் குடும்பத்தோடு இருப்பார். அடுப்பு இரண்டோ மூன்றோ கண்கள், சிறிய சிலிண்டர். மிக்ஸி ஓட இன்வெர்ட்டரின் திறனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல படகுகளில் அது போன் சார்ஜ் செய்யும் அளவுக்கே இருக்கும். சோறு வடிப்பது, பாத்திரம் கழுவுவது, கடலில் குளித்து வந்து எட்டுப் பேர் மறுபடி குளிப்பது என்று போனால் தண்ணீர்த் தொட்டி இரண்டாம் நாளே குரல் கொடுக்கும். குடிநீர் இயந்திரம் இல்லாத படகென்றால் நடுவாரத்தில் பிராலினின் பே செயின்ட் ஆன் துறையில் நிரப்பிக்கொள்ளும்படி வழியைத் திட்டமிட வேண்டும். அரிசி, பருப்பு, மசாலாவை விக்டோரியாவிலேயே வாங்கலாம். சந்தையைச் சுற்றித் தமிழ் வம்சாவளியினரின் கடைகள் உண்டு.

படகு கைமாறும் நேரத்தில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் எல்லாவற்றையும் காட்டுவார். பயணக் களைப்பில் தலையாட்டிவிட்டு ஏறிவிடுவது எளிது. அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை முழுதாகச் செலவழிப்பதே நல்லது. இரண்டு எஞ்சினையும் கிளப்பி, பின்பக்கத்தில் குளிர்விப்பு நீர் துப்புகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். நீர் வராவிட்டால் எஞ்சின் சில நிமிடங்களில் கொதித்துவிடும். தரைப்பலகையைத் தூக்கி அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, இருந்தால் ஒரு துளி நாக்கில் வைத்தால் உப்பா நன்னீரா என்பதிலிருந்து ஒழுக்கு எங்கே என்று தெரிந்துவிடும். முன்வலையின் ஓரத் தையல், நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மோட்டார், கரைக்குப் போகும் ரப்பர்ப் படகின் எஞ்சின், ஒவ்வொரு கழிவறையின் பொத்தான், குழந்தைகள் அளவில் மிதவைச் சட்டைகள் ஆகியவற்றையும் சரிபார்க்க வேண்டும். உடலில் இருக்கும் கீறல்களை எல்லாம் போனில் படமெடுத்து, நிறுவன ஆளின் கையெழுத்தோடு பதிவு செய்ய வேண்டும். முன்பணமாக நிற்கும் வைப்புத்தொகை பல ஆயிரம் யூரோ. கடைசி நாளில் முக்குளிப்பவர் ஒருவர் அடியில் இறங்கிப் பவளப்பாறை உரசிய தடம் இருக்கிறதா, புரொபெல்லர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே வந்து சொன்ன பிறகுதான் அந்தத் தொகையை விடுவிப்பார்கள்.